சுண்டுவிரல் மரத்துப்போனால் சைக்கிள் சீட்டைப் பாருங்கள்

வார இறுதிகளில் சைக்கிள் ஓட்டும் நண்பர்களிடம் உடம்பில் எங்கே வலி என்று கேட்டால், முழங்கால் என்பார்கள், இடுப்பு என்பார்கள். கையைப் பற்றித் தாமாக யாரும் சொல்வதில்லை. ஆனால் சிங்கப்பூரில், கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் உணவங்காடிப் பக்கம் சற்று நேரம் நின்று பார்த்தால், வந்து இறங்குகிறவர்களில் பலர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திய கையோடு விரல்களை உதறிக்கொள்வதைக் காணலாம். உதறினால் சரியாகிவிடுகிறது என்பதாலேயே அது ஒரு தொல்லையாகக் கணக்கில் வருவதில்லை. எனக்கு அது கவலை தரும் காட்சி. ஒவ்வொரு முறையும் உதறிச் சரிசெய்துகொண்டே போகிறவருக்கு, ஒருநாள் உதறியும் சரியாகாத நிலை வரக்கூடும். அப்போது சட்டைப் பொத்தானைப் போடுவதும், சாவியைத் திருப்புவதும் சிரமமாகும்.

ஓய்வு நாள்களில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தெரிந்தவர்களின் சைக்கிள்களைச் சரிசெய்து தருவது என் வழக்கம். அந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை எழுதவே இந்தக் கட்டுரை. கை மரத்துப்போகிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் மெத்தென்ற கையுறையும் தடித்த கிரிப்பும் வாங்கிப் போட்டுப் பார்த்த பிறகுதான் வருகிறார்கள். காரணமோ பெரும்பாலும் அவர்கள் உட்காரும் இடத்தில் இருக்கிறது. கைகளின் வேலை சைக்கிளைத் திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் ஆகும். உடம்பைத் தாங்குவது இடுப்பும் கால்களும் செய்ய வேண்டிய வேலை. அந்தச் சுமை இடம் மாறி உள்ளங்கைக்கு வந்துவிட்டால், எத்தனை அடுக்கு மெத்தை வைத்தாலும் அது நரம்பைப் போய்த்தான் அழுத்தும்.

எந்த நரம்பு என்பதை விரல்களே சொல்லிவிடும். சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிரவிரலின் பாதியும் மரத்தால் அது அல்நார் நரம்பு. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலின் மறுபாதி ஆகியவை மரத்தால் அது மீடியன் நரம்பு. ஒரே மோதிரவிரலின் இரு பக்கங்களும் இரண்டு நரம்புகளுக்குச் சொந்தமானவை என்பதால், அந்த விரலின் இரு ஓரங்களையும் மறுகை நகத்தால் மெல்ல வருடிப் பார்ப்பது நல்ல சோதனை.

சைக்கிள் ஓட்டுபவர்களிடம் அதிகம் காணப்படுவது அல்நார் நரம்பின் தொல்லை. உள்ளங்கையின் வெளிப்புறத்தில், மணிக்கட்டு மடிப்பை ஒட்டிச் சுண்டுவிரலுக்கு நேர்கீழே அழுத்திப் பார்த்தால் பட்டாணி அளவில் ஓர் எலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்று மேலே, உள்ளங்கையின் நடுப்பக்கமாக, கொக்கி போன்ற நீட்சியுடைய இன்னோர் எலும்பு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில்தான் அல்நார் நரம்பும் ஓர் இரத்தக் குழாயும் விரல்களுக்குப் போகின்றன. அந்த வழியை 1861இல் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் கியோனின் பெயரே அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் நரம்புக்கு மேல் தடித்த தசைப் பாதுகாப்பு கிடையாது. ஹேண்டில்பாரை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தும்போது நேராக அதன்மேல்தான் அழுத்துகிறோம். சைக்கிளால் வரும் இந்த நரம்புத் தளர்ச்சியைப் பற்றி எத்தியென் டெஸ்டோ என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் 1896இலேயே எழுதியிருக்கிறார்.

மரப்பே இல்லாமல் வலுமட்டும் குறைவதும் உண்டு. கியோன் வழிக்குள்ளேயே நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தோலுணர்ச்சிக்கு, மற்றொன்று கையின் சிறு தசைகளுக்கு. இரண்டாவது கிளை மட்டும் அழுந்தினால் விரலில் மதமதப்பு தெரியாது, ஆனால் பிடி தளரும். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே பிடித்துக்கொண்டு வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலின் நுனிக் கணுவை மடக்கினால்தான் தாளைப் பிடிக்க முடிகிறது என்றால், அந்தத் தசைகள் தளர்ந்திருக்கின்றன என்று பொருள். என்னிடம் சைக்கிளைக் கொண்டுவருகிறவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

நம் ஊரின் நில அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. சிங்கப்பூரின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா குன்றே 163.63 மீட்டர்தான். ஏற்றம் நிறைந்த ஊர்களில் ஓட்டுகிறவர் ஏறும்போது எழுந்து மிதிப்பார், இறங்கும்போது பின்னுக்குச் சாய்வார். அவர் நினைக்காமலேயே கை ஓய்வு பெறும். இங்கே தானா மேரா கோஸ்ட் சாலையிலும், கிழக்குக் கடற்கரையிலும், 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பூங்கா இணைப்புப் பாதைகளின் பெரும்பகுதியிலும், உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய வேண்டிய தேவையே வருவதில்லை. ஒரே பிடியில் ஒரு மணி நேரம் சமதரையில் ஓட்டுவது மலையேற்றத்தைவிடக் கைக்குக் கடுமையானது. ஆகவே அந்த அசைவை நாமாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பாலங்களுக்குக் கீழே இறங்கி ஏறும் சரிவுகளில் எழுந்து நின்று மிதிக்கலாம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது இரு கைகளையும் முழுவதுமாக எடுத்துவிடலாம். இவை அற்பமாகத் தோன்றும். நரம்பு கேட்பது அழுத்தம் விலகும் அந்தச் சில நொடிகளைத்தான்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். புறநகர்ப் பக்கத் தங்குவிடுதி ஒன்றில் இருக்கும் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஊருக்குத் திரும்பிய ஒருவர் விட்டுச்சென்ற பழைய சைக்கிள் அது. கிரிப்பின்மேல் பழைய துணியைச் சுற்றி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

“பாதித் தூரம் வர்றதுக்குள்ள இந்த ரெண்டு விரலும் மரத்துப்போயிடுதுண்ணே. சைட்டுல கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர் புடிக்கிறதாலதான் வருதுன்னு ரூம்ல எல்லாரும் சொல்றாங்க.”

“கைய அப்புறம் பாப்போம் தம்பி, ஒருதடவ ஏறி உக்காருங்க.”

அவர் உட்கார்ந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. சீட்டின் மூக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் கீழே சரிந்திருந்தது. சீட்டைக் கம்பத்தோடு பிடித்திருக்கும் கிளாம்பின் பற்கள் தேய்ந்துபோனதால், நிமிர்த்தி இறுக்கினாலும் நாலைந்து குலுக்கலில் மறுபடி சரிந்தது. சரிவில் உட்கார்ந்த உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதை ஒவ்வொரு நொடியும் பின்னுக்குத் தள்ளும் வேலையை அவருடைய இரு உள்ளங்கைகளும் செய்துகொண்டிருந்தன. துணியை அவிழ்த்துக் கையை விரிக்கச் சொன்னேன். சுண்டுவிரலுக்குக் கீழே, நான் மேலே சொன்ன அதே இடத்தில், தோல் சிவந்து காய்ப்பு ஏறியிருந்தது.

சில வெள்ளிக்குக் கிடைக்கும் புதிய கிளாம்பைப் போட்டு, சீட்டின்மேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்து, அதன்மேல் கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியை வைத்துச் சமமாக்கினோம். ஹேண்டிலையும் உயர்த்த வேண்டியிருந்தது. பழைய வகைச் சைக்கிளில் ஹேண்டிலின் கழுத்து, முன்கவட்டைக் குழாய்க்குள் இறங்கியிருக்கும். மேலே உள்ள போல்ட்டைச் சில சுற்றுகள் தளர்த்தி, அதன் தலையில் மரத்துண்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இறுக்கியிருக்கும் ஆப்பு விடுபடும். பிறகு கழுத்தை மேலே இழுக்கலாம். கழுத்தில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் இழுத்துவிடக் கூடாது. தெரிந்தால் ஓட்டும்போது கழுத்து முறியும் ஆபத்து உண்டு.

அடுத்த முறை பார்த்தபோது, சைக்கிளில் வரும்போது மரப்பதில்லை என்றும், பிரேக்கர் பிடித்த நாள்களில் மட்டும் இரவில் மதமதப்பு இருக்கிறது என்றும் சொன்னார். அறை நண்பர்கள் சொன்னதும் பொய்யில்லை. கான்கிரீட் உடைக்கும் கருவியின் அதிர்வு விரல் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் தனியாகவே பாதிக்கக்கூடியது. பகல் முழுவதும் அந்த அதிர்வை வாங்கிய கையை மாலையில் சைக்கிளும் அழுத்தினால் நரம்பு தேறுவதற்கு நேரமே கிடைக்காது. வேலையிடத்தில் அதை மேற்பார்வையாளரிடம் சொல்லவும் மருத்துவரைப் பார்க்கவும் சொன்னேன். உணவு விநியோகத்துக்கு நாள் முழுக்க ஓட்டுகிறவர்களையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். பொழுதுபோக்காக ஓட்டுகிற எங்களுக்கு வலித்தால் நிறுத்திவிடும் வசதி இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. அதனால் சைக்கிளைச் சரியாக அமைக்கும் கவனம் அவர்களுடைய சைக்கிளுக்குத்தான் முதலில் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

சீட்டின் சாய்வு சரியான பிறகும் கைப்பளு குறையவில்லையென்றால், சீட் முன்னால் தள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் பலரும் நம்ப மறுக்கும் இடம். சீட்டைப் பின்னுக்கு நகர்த்தினால் ஹேண்டில் இன்னும் தூரமாகிக் கை இழுபடுமே என்பார்கள். அவர்களை நான் சுவரருகே அழைத்துப்போவேன். குதிகாலும் புட்டமும் சுவரைத் தொடும்படி நின்றுகொண்டு குனியச் சொல்வேன். பாதிகூடக் குனிய முடியாமல் முன்னால் விழப் பார்ப்பார்கள். சுவரைவிட்டு ஓரடி தள்ளி நின்று குனிந்தால், புட்டம் தானாகப் பின்னுக்குப் போகும், உடம்பு நிலைகொள்ளும். சைக்கிளிலும் நடப்பது இதுவே. இடுப்பு பெடல்களுக்குப் போதிய அளவு பின்னால் இருந்தால், மிதிக்கும் காலே முன்சாய்ந்த மேலுடம்பைத் தாங்கிக்கொள்ளும். இடுப்பு முன்னால் வந்துவிட்டால் அந்தப் பளு கைக்கு வரும். ஆளில்லாத சமமான பாதையில், மிதமான வேகத்தில் மிதித்துக்கொண்டிருக்கும்போது, இரு உள்ளங்கைகளையும் ஹேண்டிலைவிட்டு அரை அங்குலம் மட்டும் தூக்கிப் பாருங்கள். மேலுடம்பு அப்படியே நின்றால் சீட் சரியான இடத்தில் இருக்கிறது. முகம் குப்புறப் போகிறது என்றால் சீட்டை ஐந்து மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தி, உயரத்தை மிகச் சிறிதளவு இறக்கி, சில நாள்கள் ஓட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள். அதோடு சேர்த்து வேறெதையும் மாற்றாதீர்கள். பழைய இடத்தைச் சீட்டின் அடிக்கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஹேண்டில் எட்டவில்லையென்றால், குட்டையான ஸ்டெம் (ஹேண்டிலின் கழுத்து) ஒன்றைப் போடுவதே அதற்கு வழி. சீட்டை முன்னால் இழுப்பது வழியல்ல.

மீடியன் நரம்பின் கதை வேறு. அது மணிக்கட்டின் நடுவிலுள்ள குகையொன்றின் வழியே தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கி வைத்திருந்தால் அந்தக் குகைக்குள் அழுத்தம் ஏறும். நேரான ஹேண்டில்பார் உள்ள சைக்கிள்களில் பிரேக் லீவர்கள் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிடிக்க மணிக்கட்டை மடக்கித்தான் ஆக வேண்டும். ஓர் ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) போதும்: லீவரின் பிடியைத் தளர்த்தி, சீட்டில் உட்கார்ந்து விரல்களை நீட்டும்போது முழங்கை முதல் விரல்நுனி வரை ஒரே கோடாக வரும்வரை கீழே திருப்பி இறுக்கினால் பெரும்பாலோருக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரியும். சிறிய கை உடையவர்கள், குறிப்பாகப் பெண்கள், லீவரை எட்டிப் பிடிக்கவே விரல்களைக் கஷ்டப்பட்டு நீட்டுவதைப் பார்க்கிறேன். பல லீவர்களில் அந்தத் தூரத்தைக் குறைக்கச் சிறு திருகு ஒன்று இருக்கிறது. அது இருப்பதைக் கடையில் பலருக்குச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. மலைச் சைக்கிள்களில் வரும் 750 மில்லிமீட்டரை ஒட்டிய அகலமான ஹேண்டில்பார்களும் குறுகிய தோளுடையவர்களின் மணிக்கட்டைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். இரு முனைகளிலும் சமமாக வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இங்கே எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகும் வசதிக்காக மடக்குச் சைக்கிள் வாங்கியவர்கள் ஏராளம். அவர்களுக்கு இரண்டு கூடுதல் சிரமங்கள் உள்ளன. சிறிய சக்கரம் நடைபாதையின் ஒவ்வொரு இணைப்பிலும் ஆழமாக இறங்கி ஏறுவதால் அதிர்வு அதிகம். நேரான ஹேண்டிலில் பிடியை மாற்ற இடமும் குறைவு. வளைந்த ஹேண்டில் உள்ளவர் மேற்பகுதி, லீவர்களின் தலைப்பகுதி, கீழ்வளைவு என மூன்று இடங்களில் கையை மாற்றிக்கொள்ள முடியும். மடக்குச் சைக்கிளுக்கு, உள்ளங்கையின் வெளிப்பக்கத்தைத் தாங்கும் இறகு போன்ற அகலப் பகுதியுள்ள கிரிப்பை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். அந்த இறகைத் தவறான கோணத்தில் பொருத்தினால் அதுவே மணிக்கட்டை மடக்கும் என்பதால், லீவருக்குச் சொன்ன அதே நேர்கோட்டை இதற்கும் பார்த்து இறுக்க வேண்டும்.

டயர்க் காற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அதுவரை அடித்தே தீர வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. 28 மில்லிமீட்டர் டயரில் ஓட்டும் 70 கிலோ எடையுள்ளவருக்கு 70 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்பதை ஒட்டிய காற்றே போதும். 110 அடித்துக்கொண்டு சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பையும் கையில் வாங்குவதால் வேகமும் கூடுவதில்லை.

வியர்வை நம் ஊரில் தனியாகப் பேச வேண்டிய ஒன்று. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இடத்தில் காலை ஏழு மணிக்கே உள்ளங்கை நனைந்துவிடும். வழுக்கும் பிடியை மனம் தன்னையறியாமல் இறுக்கும். அந்த இறுக்கம் முன்கைத் தசைகளை விறைக்கவைத்து, தோளை மேலே தூக்கி, முழங்கையை நீட்டிப் பூட்டிவிடும். பூட்டிய முழங்கை வழியாகப் பாதையின் குலுக்கல் அத்தனையும் கழுத்துவரை போகும். மெல்லிய, வியர்வையை உறிஞ்சும் கையுறை இதற்கு நல்ல பயன் தருகிறது. கையுறையை நான் மறுப்பது கிடையாது. எதற்காகப் போடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். மெத்தை வைத்ததாக இருந்தால், அது கியோன் வழியின் மேலேயே உட்காராமல் இரு பக்கமும் தாங்குவதாக இருக்க வேண்டும். மிகத் தடித்த மெத்தை பிடியைப் பருமனாக்கி இன்னும் இறுக்கிப் பிடிக்கவைக்கும். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டுவதும் கூடாது. ஓட்டும்போது அவ்வப்போது விரல்களை ஹேண்டிலின்மேல் பியானோ வாசிப்பதுபோல அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியாவிட்டால் பளு கையில் இருக்கிறது. முழங்கை சற்றே மடங்கி, தோள் இறங்கி இருக்கட்டும்.

இத்தனையும் செய்தும் மரப்பு போகவில்லையென்றால் சைக்கிளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகும் மதமதப்பு நீடிப்பது, பிடி தளர்வது, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை குழிவது ஆகிய மூன்றில் எதையும் தள்ளிப்போடக் கூடாது. சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையும் சேர்ந்து மரத்தால், தொல்லை மணிக்கட்டில் இல்லை. அந்தப் பகுதிக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுவதால், முழங்கையிலோ கழுத்திலோ காரணம் இருக்கலாம். இரு கைகளும் மரத்து, எழுதுவது தடுமாறி, நடையும் தள்ளாடுகிறது என்றால் கழுத்தில் தண்டுவடம் அழுந்துகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீரிழிவு உள்ளவர்களின் நரம்பு, மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத சிறிய அழுத்தத்துக்கே பாதிப்படையும். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்த நாடு இது. இங்குள்ள இந்தியர்களிடையே அந்த நோய் அதிகம் என்பதும் தெரிந்ததே. சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கும் வைட்டமின் பி12 குறைந்து கை கால் மரப்பது உண்டு. நாற்பதைக் கடந்து, சைக்கிள் ஓட்டாத நாளிலும் விரல் மரக்கிறது என்றால், சீட்டைத் திருகிக்கொண்டிராமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பலதுறை மருந்தகத்துக்குப் போனால் “கை மரக்குது டாக்டர்” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எந்த விரல், அதில் எந்தப் பாதி, உள்ளங்கையா புறங்கையா, ஓட்டத் தொடங்கி எவ்வளவு நேரத்தில், இறங்கியபின் எவ்வளவு நேரம் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் நரம்பில் மின்தூண்டல் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கும் சோதனைக்கு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மரப்பு மட்டும் இருந்தால் ஓய்வில் நாள்களிலோ வாரங்களிலோ சரியாகிவிடுவதே வழக்கம். தசை தளர்ந்திருந்தால் மாதங்கள் ஆகலாம், அதுவரை சைக்கிளில் ஏறாமல் இருப்பதே நல்லது. இயன்மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, சைக்கிளில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்த நிலையில் பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் ஒன்றைக் கைப்பேசியில் கொண்டுபோங்கள். முழங்கையும் மணிக்கட்டும் சீட்டின் சாய்வும் அந்த ஒரே படத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.